கண்ணைத் திறந்தபடி செபிப்பது

வன்னியில் வேலை என்றால் நாளின் ஒரு பெரிய துண்டு றோட்டில் போய்விடும். வவுனியாவில் இருந்துகொண்டு மாங்குளத்துக்கும் அப்பால் படிப்பிக்கப் போகிற ஆசிரியர், முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்குகிற குடும்பநல உத்தியோகத்தர், கமநல சேவை நிலையத்துக்கும் வயலுக்கும் இடையில் ஓடித்திரிகிறவர் எல்லோருக்கும் இதே கதைதான். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிடுகிறவர்களுக்கு வீட்டில் முழங்காலில் நின்று செபிக்க நேரம் காணாது. அதனால் செபமும் அவர்களோடு றோட்டுக்கு வருகிறது. கோவிலில் செபிக்கிற மாதிரியே றோட்டிலும் செபிக்கப் பார்ப்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள்.

கோவிலில் கண்ணை மூடுகிறோம். மோட்டார்சைக்கிளில் கண்ணும் செபிக்க வேண்டும்.

செபமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பத்துச் சொல்லி முடிக்க (ஒரு பத்து என்றால் பத்துத் தரம் 'அருள்நிறைந்த மரியே') சுமார் 20 நிமிடம் பிடிக்கும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அது 13 கிலோமீற்றர் தூரம். கண்டி வீதி போன்ற காப்பெற் றோட்டில் இது இயலும், ஆனால் கையில் மணியை உருட்டிக்கொண்டு அல்ல. வலது கைக்கு அக்சிலேற்றரும் முன் பிறேக்கும், இடது கைக்குக் கிளச். விரலை மடக்கி எண்ணினாலும் அந்த விரல் பிறேக்கை விட்டு எழும்பிவிடும். அதே வேகத்தில் ஒரு செக்கனுக்குள் வண்டி 11 மீற்றர் போயிருக்கும். இதற்குக் கிலோமீற்றர் கட்டைகளே போதும். ஒரு பத்துச் சொல்ல ஏறக்குறைய மூன்று நிமிடம், அதாவது இரண்டு கட்டை. ஒரு கட்டையில் தொடங்கி அடுத்ததற்கு அடுத்த கட்டையில் 'பிதாவுக்கும் சுதனுக்கும்' சொன்னால் கணக்குச் சரியாக வரும். ஒன்று இரண்டு கூடிக் குறைந்தால் குற்றமில்லை. இடையில் மாடு குறுக்கே வந்தால் செபத்தை விட்டுவிட்டு மாட்டைப் பாருங்கள், விட்ட இடத்திலிருந்து பிறகு தொடரலாம்.

உள்றோட்டுக்குத் திரும்பிக் கிரவல் தொடங்கியதும் செபமாலையை நிறுத்திவிட வேண்டும். அங்கே ஒரு வரிச் செபம் காணும். எரிக்கோவின் வழியோரத்தில் இருந்த பார்த்திமேயு கூப்பிட்ட கூப்பாடு அதற்கு நல்லாய்ப் பொருந்தும்: 'இயேசுவே, தாவீதின் மகனே, என்மேல் இரங்கும்.' என்ன வேண்டும் என்று ஆண்டவர் கேட்டபோது அவன் கேட்டது பார்வையைத்தான் (மாற்கு 10:51). கிரவலில் ஓடுகிறவனுக்கு இதைவிட வேறென்ன தேவை? ரயர் ஓடி ஓடி இறுகிய தடத்துக்குள் நிற்பதா, ஓரத்து உருள் கல்லில் ஏறுவதா என்பதைப் பார்வைதான் தீர்மானிக்கிறது. உருள் கல்லில் முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தால் முன் சில்லு வழுக்கி வண்டி படுத்துவிடும். முன்னால் ரிப்பர் லொறி புழுதி கிளப்பிக்கொண்டு போனால் முந்தப் பார்க்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து, புழுதி அடங்குமட்டும் பின்னுக்கு நின்று அந்த வரியை நாலைந்து தரம் சொல்லலாம்.

வெளிக்கிடுவதற்கு முன்னான இரண்டு நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஹான்டிலில் செபமாலை தொங்கும், தாங்கியில் மாதாவின் படம் ஒட்டியிருக்கும், ஹெல்மெட் வார் மட்டும் பூட்டாமல் காற்றில் ஆடும். இதை விசுவாசம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அலகை, அதாவது சாத்தான், ஆண்டவரைக் கோவில் உச்சியில் நிறுத்திச் சோதித்தபோது எடுத்துச் சொன்னது பயணிகள் விரும்பிச் சொல்லும் 91ஆம் திருப்பாடலைத்தான்: தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள், நீ குதி. ஆண்டவரோ இணைச்சட்ட நூலிலிருந்து, கடவுளைச் சோதிக்காதே என்ற கட்டளையைப் பதிலாகச் சொன்னார் (மத்தேயு 4:5-7). பாதுகாப்பு வாக்குறுதியை வைத்தே ஆளைக் கீழே தள்ளலாம் என்பது அந்த இடத்தில் துலக்கமாகத் தெரிகிறது. செயினை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அசைய வேண்டும். தொய்ந்திருந்தால் பல்லில் இருந்து கழரும், இறுகியிருந்தால் அறும். ரயரை அமத்திப் பாருங்கள், பிறேக் லைற்றைப் பாருங்கள், வாரைப் பூட்டுங்கள். பிறகு சிலுவை அடையாளம்.

மாரியில் இதே பாடம் தண்ணீரோடு வருகிறது. கார்த்திகை, மார்கழியில் குளங்கள் வான் பாயும்போது தாழ்பாலங்களுக்கு மேலால் வெள்ளம் ஓடும். இரண்டு பக்க எல்லைக் கட்டைகளும் தெரியவில்லை என்றால் இறங்கவே கூடாது. கொங்கிறீற் ஓரத்தை அடியால் வெள்ளம் அரித்திருப்பது மேலிருந்து தெரியாது. நடுவில் வண்டி நின்றுவிட்டால் ஓடுகிற தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். செபிப்பதானால் கரையில் நின்று செபியுங்கள். பாடசாலைக்கு ஃபோன் எடுத்து 'இண்டைக்கு வரேலாது சேர்' என்று சொல்லிவிட்டுத் திரும்புவதிலும் கடவுளை நம்புவது இருக்கிறது.

பஸ் பயணம் வேறு மாதிரி. அங்கே கண்ணை மூடலாம், ஆனால் காதை மூட இயலாது. தனியார் பஸ்ஸில் பாட்டு உரத்துப் போகும், சி.ரி.பி. பஸ்ஸில் யன்னல் கண்ணாடி கடகடக்கும். சத்தத்தோடு சண்டை பிடித்தால் செபம் தோற்றுவிடும். பேசாமல் ஆட்களைப் பார்த்துச் செபிப்பதுதான் வழி: முன் சீற்றில் மருந்துக் கொப்பியோடு இருக்கிற அம்மா, நின்றபடி நித்திரை கொள்கிற பெடியன். ஒரு ஆளுக்கு ஒரு வரி போதும். அரசன் கேட்ட கேள்விக்கும் தான் சொன்ன பதிலுக்கும் இடைப்பட்ட அந்தக் கணத்துக்குள் நெகேமியா செபித்தார் (நெகேமியா 2:4-5). இரண்டு தரிப்பிடங்களுக்கு இடையில் எவ்வளவோ நேரம் இருக்கிறது.

முறிகண்டியில் பஸ் நிற்கும். சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்துவார், யன்னலடியில் கச்சான் விற்கிறவர்கள் கூப்பிடுவார்கள். சீற்றில் இருக்கிற கிறிஸ்தவர்கள் அநேகமாக அந்த நேரத்தில் ஃபோனை எடுக்கிறார்கள். எங்கள் எல்லோருடைய உயிரையும் கையில் வைத்திருக்கிற மனிதர், தான் அறிந்த வழியில் எங்களுக்காகவும் சேர்த்துக் கும்பிடுகிற நேரம் அது. அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்காகவும் அவருடைய வீட்டாருக்காகவும் ஆண்டவரிடம் கேட்க நாங்கள் கடமைப்பட்டவர்கள். எஞ்சின் நின்ற அமைதியும் கிடைக்கிறது.

இந்த மண்ணின் கத்தோலிக்கருக்கு வழியில் செபிப்பது புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தவர்களிலிருந்து மடு மாதா திருத்தலம் தொடங்குகிறது. 2008 ஏப்ரலில் அதே சுரூபம் எறிகணைகளுக்குத் தப்பித் தேவன்பிட்டிக்குப் போனது. சனம் இடம்பெயர்ந்தபோது மாதாவும் இடம்பெயர்ந்தா. ஆடி 2ஆம் திகதித் திருநாளுக்கும் ஆவணி 15க்கும் நடந்து போகிறவர்களிடம் நடைச் செபத்தின் முறையைப் படிக்கலாம். அவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தில் நிறுத்துவார்கள், வசனத்தின் நடுவிலென்றாலும்.

முல்லைத்தீவிலிருந்து முள்ளிவாய்க்கால் பக்கம் போகிறவர்கள் வட்டுவாகல் பாலத்தைக் கடக்க வேண்டும். ஒடுங்கின பாலம், எதிரே வாகனம் வந்தால் ஒருவர் காத்து நிற்க வேண்டும். 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், எத்தனை பேர் எதையெல்லாம் விட்டுவிட்டு அதால் வந்தார்கள் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் நீண்ட செபம் வராது, வரவும் வேண்டாம். ஹோர்ன் அடிக்காமல் வழிவிட்டு நின்று, 'ஆண்டவரே, நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும்' என்று ஒருமுறை சொன்னால் போதும்.

கட்டைகளை எண்ணிச் செபிக்கிறவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. றோட்டில் யாரும் விழுந்து கிடந்தால் 1990 இலவச அம்புலன்சுக்கு அழைக்கும்போது 'மாங்குளத்துக்கு இங்கால, காட்டுக்குள்ள' என்று தடுமாறாமல், கடைசியாகக் கடந்த கட்டையின் இலக்கத்தைச் சொல்ல முடியும். விழுந்தவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம், கழுத்தை அசைக்கவும் வேண்டாம். நல்ல சமாரியன் காயத்தைக் கட்டின பிறகுதான் ஆளைத் தன் விலங்கில் ஏற்றினான்.

பின்னேரம் ஆறு மணிக்கு மூவேளைச் செபத்துக்கு வண்டியை ஓரம் கட்டுவது நல்ல பழக்கம். இரண்டு நிமிடம் போகும். அதற்குள் ஹெட்லைற்றைப் போடலாம், ஹெல்மெட் கண்ணாடியில் ஒட்டின பூச்சியைத் துடைக்கலாம். அந்த நேரத்துக்குப் பிறகு தார் றோட்டில் மாடுகள் படுத்திருக்கும், பின் லைற் இல்லாத லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் முன்னால் போகும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையும் நிற்கும். யானை நின்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். ஹோர்னும் அடிக்காமல் லைற்றும் வெட்டாமல், அது போகுமட்டும் காத்திருங்கள்.

வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினதும் உடனே இறங்காமல் கொஞ்சம் இருக்கலாம். புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனைக்கு இது தோதான இடம்: இன்று எதற்கு நன்றி, எங்கே அவசரப்பட்டேன், யாரை ஏற்றாமல் வந்தேன். கடைசிக் கேள்விதான் அநேகமாகக் குத்தும். எம்மாவு வழியில், ஏறக்குறைய 11 கிலோமீற்றர், ஆண்டவர் தாமாகவே வந்து சேர்ந்து நடந்தார். எங்கள் சந்திகளில் கைகாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் கிளினிக்குக்குப் போகிற வயதானவர்களும். நாளை விடியவும் அவர்கள் அங்கே நிற்பார்கள். இரண்டாவது ஹெல்மெட்டை இப்போதே வண்டியில் கொழுவி வைக்கலாம்.