உப்புக் குப்பி

மார்ச் 3, செவ்வாய்

அடைத்துக்கொண்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்துப் பதினொரு நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை மனைவி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். "உப்பு, எண்ணெய், இனிப்பு குறைக்கவும்." எவ்வளவு குறைப்பது? அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

மார்ச் 5, வியாழன்

உணவு ஆலோசகரிடம் கேட்டதில் ஒருவழியாக ஒரு கணக்கு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். காலையில் அதை ஒரு காலி மாத்திரைக் குப்பியில் போட்டு என் முன்னால் வைத்தாள் மனைவி. "இன்னிக்கு இதுதான் உங்க சொத்து. பார்த்துச் செலவு பண்ணுங்க." என் பங்குச் சமையலுக்கும் அதிலிருந்துதான் எடுத்தாள். ராத்திரி பார்த்தால் பாதி மிச்சம். மீசை முறுக்காத குறை.

மார்ச் 6, வெள்ளி

முறுக்கிய மீசை இறங்கிவிட்டது.

பூதக்கண்ணாடியை எடுத்து நேற்றுச் சாப்பிட்ட பாக்கெட்டுகளையெல்லாம் படித்தேன். முதல் தொல்லை, உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருக்கிறான். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பு. ரொட்டியில் 100 கிராமுக்கு 480 மில்லிகிராம் சோடியம், அதாவது 1.2 கிராம் உப்பு. நான் தின்ற இரண்டு துண்டு 70 கிராம் வரும். முக்கால் கிராமுக்கு மேல் அதிலேயே போயிற்று. வாயில் உப்பே தெரியவில்லை!

சூப் பாக்கெட் அதைவிட மோசம். ஒரு பரிமாறலுக்கு 700 மில்லிகிராம் சோடியம். பரவாயில்லையே என்று கீழே பார்த்தால், 'இந்தப் பாக்கெட்டில் 2 பரிமாறல்கள்'. முழுசையும் ஒருத்தனாகக் குடித்தவன் நான். மூன்றரை கிராம் உப்பு. குப்பியில் செலவான இரண்டரையைச் சேர்த்தால் நேற்றைய கணக்கு கிட்டத்தட்ட 7 கிராம்.

இனிப்பு பிஸ்கட்டையும் விடவில்லை. அதிலும் சோடியம். மாவு பொங்கப் போடும் சோடாவும் சோடியம்தானே.

மார்ச் 10, செவ்வாய்

சப்பென்று இருக்கிறது எல்லாம். எலுமிச்சை, மிளகு, பூண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறாள். நாக்கு பழகச் சில வாரம் ஆகும் என்றார் ஆலோசகர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

மார்ச் 14, சனி

தங்கை வந்திருந்தாள். கையில் 'குறைந்த சோடியம் உப்பு' பாக்கெட். "இதைப் போட்டுக்கோண்ணா, குப்பி எல்லாம் எதுக்கு?" ஆசையாகத்தான் இருந்தது. பின்பக்கம் திருப்பினேன்: பொட்டாசியம் குளோரைடு. எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டருக்கு போன் போட்டேன். "பிரஷருக்கும் இதயத்துக்கும் ரமிப்ரில் மாத்திரை சாப்பிடுறீங்க, சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினினும் ரத்தத்துல கொஞ்சம் கூட இருக்கு. வேண்டாம்" என்றார் சட்டென்று. அந்த மாத்திரை பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்குமாம். சிறுநீரகமும் மந்தமாக இருந்தால் ரத்தத்தில் அது ஏறும். மிதமிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

உப்பின் மேல் குற்றமில்லை. சீனாவில் கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்துச் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், இந்த மாதிரி உப்பால் பக்கவாதம் குறைந்தது. என் உடம்புக்கு ஆகாது, அவ்வளவுதான். தங்கைக்கு முகம் வாடிவிட்டது. பாக்கெட்டைத் திரும்ப எடுத்துப் போகச் சொன்னது எனக்கும் கஷ்டமாக இருந்தது. அவளுக்கும் பிரஷர் உண்டு. அவள் டாக்டரைக் கேட்டுவிட்டு அவளே போட்டுக்கொள்ளட்டும்.

மார்ச் 19, வியாழன்

எண்ணெய் பாட்டிலில் பெரிய எழுத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லை'. எந்தத் தாவர எண்ணெயில்தான் இருக்கிறது? கொட்டையிலும் விதையிலும் பிழிவதில் அது சொல்லிக்கொள்ளும்படி இருக்கவே இருக்காது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்பதை. ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றுவது அதுதான். பாமாயிலில் ஏறக்குறைய பாதி அது. அப்புறம், பட்டியலில் 'பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட' என்று இருந்தால் அந்தப் பொருளையே கீழே வைத்துவிடுகிறேன். அதில் இருப்பது டிரான்ஸ் கொழுப்பு, இதயத்துக்கு ஆகவே ஆகாதது.

முட்டை மஞ்சள் கரு பற்றி வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுதுவதாக இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் ஒரு பெரியவர். இதய வால்வு மாற்றியவர், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். யாரோ சொன்னார்கள் என்று கீரையை அடியோடு நிறுத்தினாராம்; ரத்தம் மிதமிஞ்சி இளகி, ஈறில் கசிய ஆரம்பித்துவிட்டது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. "விடவும் வேண்டாம், திடீர்னு கூட்டவும் வேண்டாம், வாராவாரம் ஒரே அளவு" என்று சொல்லி அனுப்பினார்களாம். நான் கீரையை அள்ளிச் சாப்பிடுகிறேன். இரண்டு பேருக்கும் இதயக் கோளாறுதான், ஆளுக்கொரு தட்டு.

ஏப்ரல் 4, சனி

ஒரு மாதத்துக்குப் பிறகு வெளியே சாப்பாடு. வறுக்காமல் சுட்ட மீன், சாஸ் தனியாக. கேட்டால் தருகிறார்கள், கேட்கத்தான் கூச்சம். கூடவே, முன்பு உயிராக இருந்த அந்த சூப். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் கரித்துக்கொண்டு போயிற்று. சமையல்காரர் கை தவறிவிட்டது என்று நினைத்து, கிண்ணத்தை மனைவி பக்கம் தள்ளினேன்.

ருசி பார்த்தாள். "எப்பவும் போலத்தாங்க இருக்கு" என்றவள், இன்னொரு கரண்டி எடுத்தாள். "ஆனா எனக்கும் கரிக்குது."