5 மைக்ரோலிட்டர் மை

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம் முழுக்க எனக்கு எலக்ட்ரோடு தேய்க்கும் வேலைதான். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிளாசி கார்பன் (கண்ணாடிபோல வழவழப்பான கார்பன்) முனை. ஈரத் துணியில் அலுமினாத் தூளைக் குழைத்து, 8 போடுவதுபோலத் தேய்க்க வேண்டும். முதலில் 1 மைக்ரான் தூள், அப்புறம் 0.3, கடைசியில் 0.05. ஜன்னல் வெளிச்சம் அந்தக் கறுப்பு முனையில் தெளிவாகத் தெரியும்வரை கை ஓயக்கூடாது.

நான் அளக்க வேண்டியது டோபமின், மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள். பார்கின்சன் நோயில் இதைச் சுரக்கும் மூளைச் செல்கள்தான் அழிகின்றன. தகுந்த மின்னழுத்தம் கொடுத்தால் டோபமின் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிடும். அந்த மின்னோட்டம்தான் நமக்குக் கணக்கு. ஆனால் மூளைத் திரவத்தில் வைட்டமின் சி அதைவிடப் பல நூறு மடங்குக்கும் மேல் இருக்கிறது. வெறும் கார்பன் முனையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் அடையும். திரையில் மின்னோட்ட வரைபடத்தில் ஒரே அகன்ற மேடுதான் வரும். எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

அதற்குத்தான் கார்பன் நானோகுழாய், கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய். தண்ணீரில் போட்டால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். நாஃபியான் என்ற பாலிமரின் கரைசலில் கலந்து அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்தால் மை மாதிரி ஆகும். நாஃபியானுக்கு எதிர்மின்னூட்டம். ரத்தத்தின் பிஎச் அளவான 7.4-இல் வைட்டமின் சி-க்கும் எதிர்மின்னூட்டம் என்பதால் அது விலகி நிற்கும். நேர்மின்னூட்டமுள்ள டோபமின் உள்ளே வரும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

அந்த மையில் 5 மைக்ரோலிட்டர் எடுத்து முனையில் விட்டேன். காய்ந்ததும் லென்ஸில் பார்த்தால் விளிம்பில் அடர்ந்த வளையம், நடுவில் வெளிறிப்போன பரப்பு. டம்ளரடியில் காபி காய்ந்த கறை போலவே. ஒரே மை, ஒரே நாள், மூன்று எலக்ட்ரோடு, மூன்று விதமான அளவு. மூடி போட்டு மெதுவாக உலரவிட்ட பிறகுதான் படலம் சீராக வந்தது. டோபமின் மேடு தனியாக, கூர்மையாக எழுந்த அந்தச் சாயங்காலம் வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை.

அப்புறம் ரத்தச் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர். தெரிந்த அளவு டோபமினைக் கலந்துதான் அளந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் மேடு தேய்ந்துகொண்டே வந்தது. புரதங்கள் படலத்தில் படிந்து வழியை அடைத்துவிட்டன. பஃபரில், அதாவது பிஎச் மாறாத வெறும் உப்புக் கரைசலில் மட்டும் அளந்து, எவ்வளவு குறைந்த அளவையும் கண்டுபிடிக்கும் என்று சொல்வதில் எனக்கு அன்றோடு நம்பிக்கை போய்விட்டது. நோயாளியின் உடம்பில் பஃபர் ஓடவில்லையே. இப்போதெல்லாம் புதுப் படலம் செய்தால் முதல் நாளே சீரத்தில் முக்கிப் பார்க்கிறேன். தாங்கவில்லை என்றால் சரி, மறுபடி 1 மைக்ரான் தூளிலிருந்து.