மூன்று முட்டைக்கு அப்புறம் வந்த மருந்துச்சீட்டு

முதல் ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) சைக்கிளில் பதினோரு நாள் ஊசி போட்டும் எனக்குக் கிடைத்தவை 3 கருமுட்டைகள்தான். கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏஎம்ஹெச் 0.7, அதுவும் குறைவு. ஃபைலில் 'பூவர் ரெஸ்பாண்டர்', அதாவது ஊசிக்குச் சரியாக முட்டை வளராதவர், என்று எழுதிவிட்டார்கள். இதை முடிவு செய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2011-ல் வெளியான பொலோன்யா அளவுகோல்படி, இந்த இரண்டும் சேர்ந்தாலே அந்தப் பெயர் வந்துவிடும்.

அடுத்த சைக்கிளுக்கு முன்னால் மூன்று மாதம் டிஹெச்இஏ (உடலுக்குள் ஆண் ஹார்மோனாக மாறும் மாத்திரை), 25 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. அப்புறம் சைக்கிளோடு சேர்த்து குரோத் ஹார்மோன் ஊசி. ஏன் மூன்று மாதம் என்றால், மிகச் சிறிய ஃபாலிக்கிள் (முட்டை வளரும் பை) ஒன்று வளர்ந்து முட்டை வெளியாகும் நிலைக்கு வர ஏறக்குறைய 85 நாள் ஆகுமாம். அந்தக் காலத்தில் ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்) கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பின்னால் போடும், முட்டையை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச் ஊசிக்கு அது நன்றாக வளர்ந்து கொடுக்கும் என்று விளக்கினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நம்பி விழுங்கினேன். முகமெல்லாம் பரு வந்தது. இந்த முறை முட்டை 4, கர்ப்பம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், முன்பே படித்திருக்க வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின், 2024-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு, டிஹெச்இஏ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குழந்தை பிறக்கும் வாய்ப்பில் அநேகமாகப் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது. டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லுக்குத்தான் பலன் இருக்கலாம் என்கிறது. குரோத் ஹார்மோனை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 130 பெண்களிடம் சோதித்திருக்கிறார்கள். குழந்தை பெற்றவர்கள், மருந்து போட்டவர்களில் 14.5 சதவீதம், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 13.7 சதவீதம். போதிய பெண்கள் சேராததால் அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், அதனால் அதையே முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நகையை அடகு வைத்து அந்த ஊசி வாங்கியவளுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

எனக்கு அந்த மருத்துவமனைமேல் உள்ள வருத்தம் இதுதான். "முட்டை கூடும்" என்றார்கள், குழந்தை பிறப்பது கூடுமா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நீங்கள் கேளுங்கள், தயங்காதீர்கள். சரி, எல்லாம் கேட்டும் டிஹெச்இஏ எடுத்துத்தான் பார்ப்போம் என்று தோன்றினால், முதலில் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். எனக்கு யாரும் பார்க்கவில்லை.