அப்பாவின் இடது கால்

2024 மார்ச் 4, திங்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு இரண்டு நாள். இடது காலைத் தூக்கிவிட்டால் துணி மூட்டைபோல விழுகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் கீழே இருக்கும் ரத்தம் மேலேறும் என்றும், அசையாத காலில் அது தேங்கி உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்றும் டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஹெப்பாரின் ஊசி காலில் உறைவதைக் குறைக்குமாம். ஆனால் மூளையில் ரத்தம் கசியும் அபாயத்தைக் கூட்டும் என்பதால் எல்லாருக்கும் அதைப் போடுவதில்லையாம்.

மார்ச் 5, செவ்வாய்

பனகல் சாலை மருந்துக் கடையில் ரத்தம் உறையாமல் இருக்கட்டும் என்று, தொடைவரை ஏறும் இறுக்கமான காலுறை வாங்கி வந்தேன். சிஸ்டர் அதைப் போட விடவில்லை. மனம் கேட்காமல் இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். பக்கவாத நோயாளிகள் 2518 பேரிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வில், காலுறை அணிந்தவர்களில் 10.0 சதவீதம் பேருக்கும் அணியாதவர்களில் 10.5 சதவீதம் பேருக்கும் தொடை, முழங்கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்திருக்கிறது. பலன் இல்லை என்றுதான் இதற்குப் பொருள். தோல் புண்ணும் கொப்புளமும் மட்டும் 1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் கூடியிருக்கின்றன. அப்பா சர்க்கரை நோயாளி என்பதால், அந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதே ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, காலில் மாட்டிக் காற்றேற்றும் காற்றழுத்த உறையைப் பற்றியது. பிரிட்டனில் எழுந்து நடக்க முடியாத 2876 பேரிடம் செய்த அந்த ஆய்வில், உறைவு 12.1இலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்திருந்தது.

மார்ச் 6, புதன்

உறை மாட்டியாயிற்று. முதலில் இரண்டு பாதங்களிலும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்து, புண் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சிஸ்டர் மாட்டினார். சின்னப் பெட்டி ஒன்று புஸ்ஸென்று காற்றை ஏற்ற, உறை காலைக் கவ்விப் பிடித்துவிட்டுத் தளர்கிறது. தசை செய்ய வேண்டிய வேலையைக் காற்று செய்கிறது.

மார்ச் 8, வெள்ளி

உசிலம்பட்டியிலிருந்து சித்தப்பா நல்லெண்ணெயோடு வந்தார். இடது கெண்டைக்கால் சற்றுப் பருத்துத் தெரிந்ததால், "உருவிவிட வேண்டாம் சித்தப்பா, கட்டி இருந்தால் நகர்ந்துவிடும்" என்று தடுத்தேன். அம்மாவின் தையல் டேப்பால் முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் அளந்து பார்த்ததில், வலது காலைவிட மூன்றரை சென்டிமீட்டர் அதிகமாக இருந்தது. உடனே உறையைக் கழற்றி, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். உறைவு இல்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

மார்ச் 9, சனி

ஸ்கேன் முடிந்து வந்ததும் உறையை மறுபடி மாட்டியிருந்தார்கள். இரவு கட்டிலை நகர்த்தியபோது அதன் பிளக்கைப் பிடுங்கியவர்கள் திரும்பச் செருகவில்லை. இரண்டு மணிக்கு, பெட்டியின் சத்தம் கேட்காததால்தான் எனக்கு விழிப்பு வந்தது.