பதினாலாவது வளைவு

"எங்க பையன் குரல்லயே பேசறியா? வேற வேலை இல்ல உனக்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள்.

கனடாவில், ஸ்கார்பரோவில் இரவு ஒன்பது மணி, சேலத்தில் காலை ஏழரை. அன்றைக்குத்தான் என் போன் பஸ் ஸ்டாப்பில் பனிச்சேற்றில் விழுந்து உயிரை விட்டிருந்தது. புதுப் போன், புது நம்பர், வாட்ஸ்அப் இன்னும் ஏறவில்லை. சரி என்று நேராகவே கூப்பிட்டேன். மூன்று முறை எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்து, இப்படி.

தப்பு முழுக்க என்னுடையதுதான். போன வருஷம் அம்மாவுக்கு ஒரு 'மும்பை போலீஸ்' வீடியோ காலில் வந்தான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, கேமராவை விட்டு நகரக் கூடாது என்றானாம். "இருங்க தம்பி, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று உள்ளே போனவள், பொங்கிய அடுப்பைத் துடைத்துவிட்டு வருவதற்குள் அவனே வைத்துவிட்டான். கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. ஊருக்குப் போனபோது உட்காரவைத்துப் பாடமே எடுத்தேன். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது, 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோவில் சொல்லிவிட்டார். ஓடிபியை யாருக்கும் சொல்லாதே. 140-இல் ஆரம்பித்தால் விளம்பரக்காரன். பேங்குகளுக்கென்று 1600 வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. கடைசியாக, "குரலையும் நம்பாதம்மா, இப்ப கம்ப்யூட்டரே யார் குரல்லயும் பேசிடும். சந்தேகம்னா நமக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைக் கேளு." எல்லாவற்றையும் கோட்டை மாரியம்மன் படம் போட்ட காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டாள்.

எனக்கு அந்த அறிவு வந்த கதையை மட்டும் சொல்லவில்லை.

கனடா வந்து மூன்றாவது வாரம். அங்கே வேலைக்கும் வரிக்கும் வேண்டிய ஒன்பது இலக்க சின் நம்பர் கைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. உங்கள் சின் முடக்கப்பட்டுவிட்டது, ஒன்றை அழுத்தவும் என்று ஒரு பதிவுக் குரல். அழுத்தினேன். வந்த ஆள் வாக்கியத்துக்கு ஒரு 'கைண்ட்லி' போட்டான். மூன்று வாரமாக அந்த வார்த்தையை யார் வாயிலும் கேட்கவில்லை. சொன்னால் வெட்கம், பயம் வருவதற்கு முன்னால் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நம்ம ஊர்ப்பக்க ஆள்! வரிபாக்கி, கைது, நாடு கடத்தல் என்று அவன் அடுக்கியபோதும், நம்மவன்தானே, வழி சொல்லுவான் என்று ஒரு மூலையில் நினைப்பு. திரையில் தெரிந்த நம்பரும் அரசாங்க அலுவலகத்தினுடையதேதான், தேடிப் பார்த்தேன். கவரில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது போல, அந்த நம்பரையும் போலியாகக் காட்ட முடியும் என்பது அப்போது தெரியாது. வைத்துவிட்டு நாமே அலுவலக நம்பரைப் போட்டுக் கேட்பதுதான் வழி.

கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைப் படிக்கச் சொன்னான். மருந்துக்கடைக் கல்லாவில் இருந்த பெண் கார்டுகளைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, யாருக்கு என்று கேட்டாள். வரிக்கு என்றேன். "வரி ஆபீஸ் கிஃப்ட் கார்டு வாங்காது" என்றாள், ஏதோ இருமல் மருந்தைப் பற்றிச் சொல்வதுபோல. வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். காதில் அவன் இன்னும் கைண்ட்லி சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போது தேறிவிட்டேன். தெரியாத நம்பர் என்றால் எடுப்பதில்லை. குப்பை மெசேஜ் வந்தால் அதைப் புகார் செய்யும் எண்ணான 7726-க்குத் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பேன். வேண்டியவன் வாய்ஸ்மெயிலில் சொல்லட்டும். ஒரு சங்கடமும் இல்லை.

சேலம் அம்மாபேட்டையில் எங்களுக்கு முதலில் இருந்தது பி.பி. நம்பர், அதாவது எதிர்வீட்டுப் போன். எதிர்வீட்டு அத்தை தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கூப்பிடுவார், தெருவே திரும்பிப் பார்க்கும். அப்புறம் சொந்தமாக லைன் வந்தது. எங்கள் நம்பருக்கும் செவ்வாய்பேட்டை ஜவ்வரிசி மண்டி ஒன்றுக்கும் கடைசி எண்தான் வித்தியாசம். வாரத்துக்கு நாலு ராங் நம்பர். அப்பா வைக்கவே மாட்டார். எந்த ஊருங்க, மழை உண்டுங்களா, கிழங்கு என்ன விலை போகுதுங்க? ஆத்தூர்க்காரர் ஒருவர் இரண்டாம் முறை தெரிந்தே எங்களைக் கூப்பிட்டு, பேசி முடித்த பிறகு மண்டி நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா போனபோது அவர் துக்கத்துக்கு வந்திருந்தார். அதுவரை நாங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

மறுபடி கூப்பிட்டேன். "அம்மா, வெச்சிடாத. ஏதாவது கேளு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. காலண்டர் அட்டையைத் திருப்புவது கேட்டது.

"ஏற்காடு போறப்ப எங்க பையன் எந்த வளைவுல வாந்தி எடுப்பான்?"

இருபது கொண்டை ஊசி வளைவு. எனக்குச் சந்தேகமே இல்லை. "பதினேழு."

"பதினாலு" என்று வைத்துவிட்டாள்.

பதினேழுதான். அப்பா பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முதுகைத் தடவியது, எலுமிச்சம்பழ வாசம், பலகையில் இருந்த எண், எல்லாம் கண்ணில் நிற்கிறது. யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது?

ஆறாவது முறை எடுத்ததும், அவள் கேட்பதற்கு முன்னால் நானே "பதினாலு" என்றேன்.

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன கண்ணு" என்றாள் அம்மா.