கொடி ஒன்றா, இரண்டா?

இரட்டைக் குழந்தை என்று சொன்னதும் கூட வந்தவர்கள் கேட்பது, "ரெண்டும் நல்லா இருக்கா டாக்டரம்மா?" என்பதைத்தான். அடுத்து ஒட்டு வாழைப்பழம் தின்ற கதை வரும். கடலூரில் ஸ்கேன் பார்க்கும் எனக்கு அந்த நேரத்தில் கவலையே வேறு: நச்சுக்கொடி (தொப்புள்கொடி அல்ல, பிளாசென்டா) ஒன்றா, இரண்டா?

ஆளுக்கொரு கொடி என்றால் பாதி பாரம் இறங்கிவிடும். ஒரே கொடியை இரண்டும் பங்கு போட்டுக்கொண்டால், அதற்குள் இரண்டின் ரத்தக்குழாய்களும் இணைந்திருக்கும். பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல் சமமாகவே நடந்துவிடுகிறது. நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் ஒரு குழந்தை கொடுத்துக்கொண்டே இருக்கும், மற்றது வாங்கிக்கொண்டே இருக்கும். கொடுக்கும் பக்கம் பனிக்குட நீர் 2 செ.மீ.க்குக் கீழே வற்றும். வாங்கும் பக்கம் 8 செ.மீ.க்கு மேல் நிரம்பும். தாய்க்கு வயிறு திடுதிப்பென்று பெருக்கும். இதுதான் டிடிடிஎஸ் (ட்வின்-டு-ட்வின் டிரான்ஸ்ஃபியூஷன் சிண்ட்ரோம்). தேடிப் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பாது.

தப்பிவிடுவது இதன் தங்கை, டேப்ஸ் (ட்வின் அனீமியா பாலிசைதீமியா சீக்வென்ஸ்). மயிரிழை போன்ற குழாய்கள் வழியாக ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தண்ணீர் இரு பக்கமும் சரியாகவே இருக்கும். ஒன்று சோகை பிடித்து வெளிறும், மற்றதற்கு ரத்தம் கெட்டிப்படும். இதைத் தனி நோயாகப் பிரித்துப் பெயர் வைத்ததே 2000-க்குப் பிறகுதான்.

பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர், ஆறாம் மாதம். கையிலிருந்த முதல் ரிப்போர்ட்டில் 'இரட்டைக் குழந்தை, இதயத்துடிப்பு உண்டு' என்பதோடு சரி. கொடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. 11 முதல் 14 வாரத்துக்குள் பார்த்திருந்தால், இரண்டு குழந்தைகளையும் பிரிக்கும் நடு ஜவ்வு கொடியைத் தொடும் இடத்தில் ஆப்பு போல் சதை ஏறியிருக்கிறதா, மெலிதாக வந்து முட்டுகிறதா என்று தெரிந்திருக்கும். ஆப்பு இருந்தால் கொடி இரண்டு. நாள் போகப்போக அது மங்கிவிடும். அப்புறம் ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் முடிவு கட்டிவிடலாம்தான். 1994 சட்டப்படி அதைச் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. ஆகவே நம் ஊரில் மூன்றாம் மாத ஸ்கேனைக் கோட்டைவிட்டால் இழப்பு இரட்டிப்பு.

வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியின் ப்ரோபை நகர்த்தியபோது, ஒரே கொடியில் ஒரு பாதி தடித்து வெளுத்தும் மறு பாதி மெலிந்து இருண்டும் தெரிந்தன. தண்ணீரை அளந்தேன், இரு பக்கமும் சரி. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில், ரத்த ஓட்ட வேகத்தை அளக்கும் டாப்ளர் வைத்தேன். ஒன்றில் வேகம் அந்த வாரத்துக்குரிய நடு அளவைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருந்தது. மற்றதில் நடு அளவுக்கும் கீழே. டேப்ஸ்தான்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்றேன். மாமியார் பிடித்துக்கொண்டார். "தண்ணி சரியா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கும்மா இத்தன ஸ்கேன்? முந்திரி எடுக்குற நேரத்துல நாங்க எங்க போறது?" நியாயமான கேள்விதான். ஒரே கொடி என்றால் 16-வது வாரத்திலிருந்தே இப்படிப் பார்ப்பதுதான் முறை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. படத்தைத் திருப்பிக் காட்டினேன். வெளுத்த பாதியைப் பார்த்ததும் அவரே மகனிடம், "சென்னைக்குக் காரு பேசுடா" என்றார்.

அங்கே கர்ப்பத்திலேயே ரத்தம் ஏற்றுவது, லேசரால் குழாய்களை அடைப்பது எல்லாம் பேசி, கடைசியில் கண்காணிப்பு என்று முடிவானது. எட்டாம் மாதத்தில் புதுச்சேரியில் சிசேரியன். அங்கிருந்த தோழி கொடியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்: நடுவில் கோடு கிழித்தாற்போல் ஒரு பாதி கருஞ்சிவப்பு, மறு பாதி வெளிறல். ஒரு பிள்ளைக்கு ரத்தம் ஏற்றினார்கள்; மற்றதற்குக் கொஞ்சம் எடுத்துவிட்டு சலைன் கொடுத்தார்கள்.

இரண்டும் எடை ஏறி வீடு போனபின் மாமியார் போன் செய்தார். டேப்ஸில் கொடுத்த பிள்ளைக்குக் காது கேளாமை வர வாய்ப்பு அதிகம். வெளுத்துப் பிறந்தவனுக்கு அந்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று கேட்டேன். "கூப்புட்டா திரும்பிப் பாக்குறானே" என்றார். அது போதாது, மெஷின் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, எந்தக் கிழமை போக வேண்டும் என்பதையும் விசாரித்துச் சொன்னேன்.