தீபாவளிக்கு மறுநாளுக்கு மறுநாள்: பினாங்கில் ஒரு ஹாலோவீன்

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அக்டோபர் 31, வியாழக்கிழமை. தீபாவளிக்கு மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். இந்த முறை சனிக்கிழமை மாலை மச்சானின் நண்பர்கள் வைத்திருந்த ஹாலோவீன் விருந்துக்கும் அழைப்பு வந்திருந்தது. பெரியவர்களுக்கு மட்டும். ஒரே நிபந்தனை, கடையில் விற்கும் ஆயத்த வேட உடுப்பைப் போட்டுக்கொண்டு வரக் கூடாது.

இந்த நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அக்டோபர் பிறந்தால் பேரங்காடிகளில் தொங்குவதெல்லாம் சூனியக்காரித் தொப்பி, டிராகுலா மேலங்கி, எலும்புக்கூடு அச்சடித்த பனியன். அவற்றைப் பார்த்து யாருக்கு முதுகு சிலிர்க்கும்? அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இந்தப் பண்டிகை வளர்ந்தபோது மக்கள் தங்கள் வயலில் விளைந்த டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு அங்கே பூசணி கிடைத்தது, அது பூசணியானது. அவரவர் மண்ணில் கிடைத்ததைக் கொண்டு செய்த பண்டிகை அது. அப்படியானால் நாம் நம் மண்ணில் இருந்து எடுப்போமே என்று ரயிலில் வரும்போதே தங்கையிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெரியவர்கள் வேடம் போடுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. குலசேகரன்பட்டினம் தசராவில் முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டு காளியாக, குரங்காக, போலீஸ்காரராக வேடமிட்டுத் தெருத் தெருவாகக் காணிக்கை கேட்பவர்களில் பலர் குடும்பஸ்தர்கள்தாம். பினாங்குக்கும் இப்படி ஒன்று உண்டு. மதராஸ் படையினரோடு வந்ததாகச் சொல்லப்படும் போரியா. முஹர்ரம் மாதத்தில் ஒவ்வோர் அணியும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப ஒரே மாதிரி உடுத்தி, ஜார்ஜ் டவுன் தெருக்களில் பாடிக்கொண்டு போவார்களாம். இன்றும் மேடைகளில் போட்டியாக நடக்கிறது. இத்தனையும் கைவசம் இருக்கும்போது டிராகுலா எதற்கு?

தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கி ஃபெர்ரி ஏறினோம். 2023-இல் வந்த புதுப் படகுகளில் கார்களை ஏற்ற முடியாது. கார்களைக் கீழ்த்தளத்தில் ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போன பழைய ஃபெர்ரிகள் 2020 முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன. மச்சான் படகுத்துறைக்கே வந்திருந்தார். "நானும் உங்க அக்காவும் பழைய ஃபெர்ரியா வரப்போறோம்" என்றார். அட்டைப்பெட்டியில் இரண்டு தளம், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் கயிற்றில் கட்டிய பொம்மைக் கார்கள். செத்துப்போன ஃபெர்ரி ஆவியாகத் திரும்பி வருகிறதாம்! பினாங்கில் வளர்ந்தவருக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். ஆனால் அட்டை சேர்க்க நேரமில்லை என்று அக்கா ஒத்திப்போட்டுவிட்டார்.

அக்கா எடுத்துக்கொண்டது பெனாங்கலான். மலாய்க் கதைகளில் வரும் பேய். இரவில் தலை மட்டும் உடலை விட்டுக் கழன்று, குடல் தொங்கத் தொங்கப் பறக்கும். வீடு திரும்பியதும் குடலைக் காடியில், அதாவது வினிகரில், ஊறவைத்துச் சுருக்கினால்தான் மறுபடி உடலுக்குள் நுழையுமாம். அதனால் பகலில் அவள் மேல் காடி வாசம் அடிக்கும் என்பார்கள். வேடமாகப் பார்த்தால் இதைவிட எளிதானது கிடையாது. கழுத்து முதல் கால் வரை கறுப்பு. சிவப்புச் சாட்டின் துணியைக் குழாயாகத் தைத்து, பஞ்சு அடைத்து, கழுத்திலிருந்து தொங்கவிட வேண்டும். உள்ளே சின்ன எல்இடி சரம். அறை விளக்கை மங்கலாக்கினால் தலை மட்டும் மிதக்கும். மணிக்கட்டில் இரண்டு சொட்டு வினிகர் தடவிக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

சாட்டின் வாங்க லிட்டில் இந்தியா போனோம். தீபாவளிக்கு முந்தின நாள் லெபோ பாசாரில் கால் வைக்க இடமில்லை. தையல்காரர்கள் யாரும் புது வேலையைக் கையில் வாங்கவில்லை. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு, வெளியே ஒரு துணிக்கடையில் ஏறினோம்.

"எதுக்கும்மா இவ்வளவு சிவப்பு? பாவாடைக்கா?"

"குடலுக்குண்ணே" என்றார் அக்கா.

கடைக்காரருக்கு விளக்கிச் சொன்னதும் அவரே உள்ளே போய் இன்னும் கருஞ்சிவப்பான துணியை எடுத்து வந்தார். "ரத்தம்னா இந்த நிறம்தாம்மா" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

தங்கைக்குக் கச்சாங் பூத்தே, அதாவது கடலை வகைகள் விற்கும் வியாபாரி வேடம். வெள்ளை வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாட்டிய தட்டு நிறைய கடலை, பட்டாணி, முறுக்கு. பழைய தாளைச் சுருட்டிய பொட்டலத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்க வேண்டும். இனிப்புக் கேட்டு வீடு வீடாகப் போகிற பண்டிகையில் கொடுப்பவராக வருவது எவ்வளவு பொருத்தம்! தட்டு கிடைத்தது லோரோங் கூலிட் சந்தையில். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் காலையில் கூடும் பழைய சாமான் சந்தை அது. பினாங்கில் வேடத்துக்குப் பொருள் தேடுகிறவர்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும். பழைய விளக்கு, பெட்டி, மூக்குக்கண்ணாடி, கைப்பை எல்லாம் தரையில் பரப்பியிருக்கும். சீக்கிரம் போங்கள், மத்தியானத்துக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள்.

எனக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. முகத்தில் தழும்பு வைத்து ஏதாவது செய்யலாம் என்று திரவ லேட்டக்ஸ் ஒரு குப்பி வாங்கி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அத்தை வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத் திறந்ததும் அம்மோனியா நெடி பரவியது. அத்தை அடுப்பை விட்டுத் திரும்பினார்.

"இது ரப்பர்ப் பால்கொட்டாய் வாசமாச்சே! எங்கேருந்து வருது?"

சுங்கை பட்டாணிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கல்யாணம் ஆகும்வரை பால்மரம் சீவியவர் அவர். குப்பியில் இருப்பது ரப்பர்ப் பால்தான், கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா கலந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "நாங்க சீவினதை மூஞ்சியில பூசுறாங்களா?" உலகம் முழுக்க ஹாலோவீன் தழும்புகளுக்கும் முகமூடிகளுக்கும் போகிற பால், நம் பாட்டிமாரின் விரல் இடுக்கில் காய்ந்து உரிந்த பால். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளில் தொடங்கிய கதை. இதை நான் அதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அப்புறம் அத்தை சொல்ல ஆரம்பித்தார். விடியுமுன் இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர வரிசையான நிரைக்குள் போவார்களாம். ஆள் தெரியாது, விளக்கு மட்டும் மரத்துக்கு மரம் நகரும். ஒருநாள் யாருக்கும் வேலை கொடுக்காத நிரையில் ஒரு விளக்கு போய்க்கொண்டிருந்ததாம். கங்காணி குரல் கொடுத்தும் நிற்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் அந்த நிரையில் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய எல்லா மங்கிலும் பால் நிறைந்திருந்ததாம். இதுதான் என் வேடம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

"அத்தை, இதை நான் போட்டுக்கிட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?" என்று கேட்டேன். தோட்டத்து மக்கள் பட்ட கஷ்டத்தை யாரும் வேடிக்கையாக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கட்டாய வேலை வாங்கிய சயாம் ரயில் பாதைக்குப் போய்ச் செத்தவர்களை ஒருநாளும் வேடமாக்க மாட்டேன். சாமி வேடமும் அப்படித்தான், அது விரதமிருந்து கோயிலுக்குப் போடுவது. அத்தை கொஞ்சம் யோசித்தார். "ஒழுங்கா கட்டுறதா இருந்தா கட்டு" என்று சொல்லி, அவரே தலைத்துணியை இறுக்கிக் கட்டிவிட்டார். கைலி, முழுக்கைச் சட்டை, இடுப்பில் சாக்குத்துணி. சட்டையிலும் விரல்களிலும் லேட்டக்ஸைக் காய்ந்த பால்போல வழியவிட்டோம்.

லேட்டக்ஸ் பூசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலருக்கு ஒவ்வாமை உண்டு, முந்தின நாளே முழங்கை உள்பக்கம் துளி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்கட்டும், காய்ந்த பிறகே அடுத்தது. புருவத்திலும் முடியோரத்திலும் முதலில் வாசலின் தடவுங்கள், இல்லாவிட்டால் உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும்.

சனிக்கிழமை நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மச்சானின் கத்தோலிக்க நண்பர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேராக வந்திருந்தார். எனக்கு மிகப் பிடித்த வேடம் அவருடையதுதான். காதில் பேனா, கையில் தடித்த பேரேடு, செட்டியார் வட்டிக்கடையான கிட்டங்கியின் கணக்கப்பிள்ளை ஆவி. எட்டுக் காசு இடிக்கிறது, அது தெரியாமல் போய்ச் சேர முடியவில்லை என்று ஒவ்வொருவரிடமும் வந்து கணக்குக் கேட்டார். கடைசிவரை பாத்திரத்தை விடவில்லை. தங்கை அவருக்கு ஒரு பொட்டலம் கடலை கொடுத்தாள். அதையும் ஏட்டில் பற்று எழுதிக்கொண்டார்.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20-இல் வந்தது. அதற்குப் பதினொரு நாள் கழித்துத்தான் ஹாலோவீன், தையல்காரர்களும் வேலை எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். ஃபெர்ரிக்கு மச்சான் அப்போதே அட்டைப்பெட்டி சேர்க்கத் தொடங்கிவிட்டார்.